வடிகால் புத்தகத்தின் ஓரம்

நாவலாசிரியர் கண்ணை மூடி, மனத்துக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்லிவிட்டு, வீட்டு வடிகால் பராமரிப்புப் புத்தகத்தைத் திறந்தார்; அது தானாக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரிந்தது.

ஓரம் வெறுமையாக இருந்தது. நடுமடிப்பில் ரப்பர் துகள்கள் மட்டும் கிடந்தன.

வெள்ளிக்கிழமை எட்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, பதினான்கு வருஷமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் அதில் ஒன்றுசேர வேண்டும். எப்படிச் சேருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஓரத்துக்குத்தான் தெரியும்.

பேட்டிகளில் யார் கேட்டாலும், "காலை நடையில் கதை தானாக வரும்" என்பார். உண்மையில் கதை வந்தது நூலகத்தில். அவர் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் படிப்பவர் அல்ல. முதல் அலமாரியின் முதல் புத்தகத்தில் தொடங்கி, ஒன்றுவிடாமல் வரிசையாகப் படிப்பவர். மூலை மேஜையில் உட்கார்ந்து படிப்பார், எழுதுவார், எழுதியதைக் கிழித்துக் கூடையில் போடுவார்.

முதல் நாவல் சீந்துவாரில்லாமல் போன வருஷத்தில், தேனீ வளர்ப்புப் புத்தகத்தின் ஓரத்தில் பொடிப் பென்சில் எழுத்து ஒன்று தென்பட்டது. 'அக்கா அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாவு டப்பாவில் வைத்திருந்தாள்.' தேனீக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய இரண்டாவது நாவலுக்கு இருந்தது. விமர்சகர்கள் மாவு டப்பாவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அதிலிருந்து பிரார்த்தனை சொல்லிப் புத்தகத்தைத் திறந்தால் பென்சில் பதில் சொல்லும். கடவுள் அனுப்புகிறார் என்றே நம்பினார். அந்த நம்பிக்கையில் பெரிய தவறில்லை. யார் கையில் கொடுத்து அனுப்புகிறார் என்றுதான் அவர் விசாரிக்கவில்லை.

"பளிச்சுனு இருக்கா சார்?" புது நூலகர் எழுந்தே வந்துவிட்டார். வேலைக்கு வந்து பத்து நாள்தான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் இருந்தது.

"இங்க ஓரத்துல ஏதோ எழுதியிருந்திருக்கும் போல..."

"இருந்துச்சு, அழிச்சுட்டேன். எவனோ ஒரு பைத்தியக்காரன் வருஷக்கணக்கா கிறுக்கித் தள்ளியிருக்கான்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"கிறுக்கலை எல்லாம் நின்னு படிப்பாங்களா சார்?"

அது எனக்கு வேணும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், எதற்கு என்று கேட்பார். ஆகவே, "ரொம்ப நல்ல காரியம்" என்றார் நாவலாசிரியர்.

நூலகர் பூரித்துப் போனார். "உங்க வாயால வந்துடுச்சே! அப்போ நீங்க படிக்கிற அலமாரியை நாளைக்கே முழுசா முடிச்சுடறேன்."

ரப்பருக்கு முன்னால் அடுத்த புத்தகங்களையாவது காப்பாற்ற வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரு புத்தகம்தான். வீட்டுக்கு ஓடிப்போய், மனைவியின் அட்டையையும் மைத்துனனின் அட்டையையும் எடுத்து வந்து, மூன்று புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்.

"என் பேர்ல கூரை ஒழுகல் தடுப்பு, சமையல் வேலை பார்க்கிற என் தம்பி பேர்ல கரையான் ஒழிப்பு!" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா நம்ம கூரை ஒழுகுது. அதைப் பாருங்கன்னா நாவல்ம்பீங்க. இப்போ படிச்சாவது பார்ப்பீங்களா?"

"இது வேற விஷயம்மா."

"உங்களுக்கு எப்பவும் வேற விஷயம்தான்."

மூன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரப்பர் படவில்லை. பென்சிலும் படவில்லை.

மறுநாள் நூலகத்துக்குப் போனபோது, அங்கே கூட்டித் துடைக்கும் அக்கா வாசல்வரை தரையைத் துடைத்து முடித்திருந்தாள். மற்றவர்கள் தடம் பதித்துக்கொண்டு போனார்கள். நாவலாசிரியர் வழக்கம்போலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தரை காயும்வரை வாசலிலேயே நின்றார்.

பிறகு மூலை மேஜைக்குப் போய், அடுத்த புத்தகத்தை எடுத்தார். பென்சிலை எடுத்தார். ஓரத்தில் எழுதினார்: 'ஐயா, எங்கே போய்விட்டீர்கள்? அண்ணனும் தம்பியும் எப்படிச் சேருவார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.'

"ஆக, நீங்கதானா அது!"

பின்னால் நூலகர் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லைங்க, நான் இன்னிக்குத்தான் முதல் தடவை..."

"பிடிபடுறவன் எல்லாம் சொல்றது இதுதான் சார். நேத்து நல்ல காரியம்னு பாராட்டிட்டு, இன்னிக்கு நீங்களே கிறுக்குறீங்களா?"

அட்டையை ரத்து செய்யாமலிருக்க நூலகர் ஒரே ஒரு வழி சொன்னார். இத்தனை வருஷக் கிறுக்கலையும் அவரே உட்கார்ந்து அழிக்க வேண்டும்.

தேனீ வளர்ப்பில் ஆரம்பித்தார் நாவலாசிரியர். மாவு டப்பாவை அழித்தார். கடிகாரப் பழுதுபார்ப்பில் அவருடைய மூன்றாவது நாவல் இருந்தது. தையல் புத்தகத்தில் பரிசு வாங்கிய நான்காவது. ஒவ்வொன்றாகத் துகளாகி உதிர்ந்தது. இனிமேலும் பேசாமலிருப்பது பாவம் என்று பட்டது அவருக்கு.

"சார்," என்றார் நூலகரிடம். "இதை எழுதினது நான் இல்ல. யாரோ ஒரு புண்ணியவான். நான் இதைப் பார்த்துத்தான் நாவல் எழுதினேன்."

நூலகர் விழுந்து விழுந்து சிரித்தார். "கதை எழுதுறவர்னா இப்படியா சார் அளப்பீங்க? நான் டீ குடிச்சுட்டு வரேன். அந்த வரிசையை முடிச்சு வைங்க."

அவர் தலை மறைந்ததும், துடைப்பத்தோடு அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அழிக்கிறது அழிக்கிறீங்க, மெதுவா தேய்ங்க சார். தாள் கிழிஞ்சுடும். நான் வாங்கின பென்சில் கொஞ்சம் அழுத்தம்."

நாவலாசிரியரின் கையிலிருந்த ரப்பர் உருண்டு போனது.

"அக்கா... நீங்களா?"

"நீங்க வரிசை மாத்த மாட்டீங்கல்ல, அடுத்த புத்தகத்தைத் தூசி தட்டி, எழுதி வெச்சுடுவேன். நீங்க கிழிச்சுப் போட்டதைக் கூடையிலேர்ந்து எடுத்து ஒட்டிப் படிக்கிறதுதான் பெரும்பாடு."

"எனக்காக எதுக்கு இவ்வளவு?"

"இந்தக் கட்டடத்துக்குள்ள ஈரம் காயுற வரைக்கும் நிக்கிற ஒரே ஆள் நீங்கதான். உங்க முதல் நாவலையும் படிச்சேன். மனசு கேக்கல."

அவருக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துல என்னக்கா எழுதியிருந்தீங்க?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே வடிகால்தானே? அண்ணன் பக்கம் அடைச்சுக்குது. கூப்பிடாமலே தம்பி வந்து, கையை விட்டு அடைப்பை எடுக்கிறான். அவன் கை கழுவ அண்ணன் தண்ணி ஊத்துறான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச வேணாம்."

நாவலாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசாரச் சொன்னார்: "இவ்வளவு தெரிஞ்சவங்க, நீங்களே ஒரு நாவல் எழுதலாமேக்கா?"

அக்கா துணியை வாளியில் பிழிந்தாள்.

"எழுதிக்கிட்டுதானே சார் இருக்கேன். உங்க பேர்ல ஆறு வந்தாச்சு, ஏழாவதுதான் உங்களால லேட்டாகுது."