பாதஜோதி அடிகளின் உள்சோல்

மல்லாவிச் சந்தையில் அந்தக் கிழமை மீன்காரருக்கு வியாபாரம் இல்லை. சனம் முழுக்க வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளை வானைச் சுற்றி நின்றது. வானின் கூரையில் ஒலிபெருக்கி. அதற்குக் கீழே, காவி வேட்டியும் விலைகூடிய ஓட்டச் சப்பாத்துமாகப் பாதஜோதி அடிகள்.

"உங்களைக் கடிக்கிறது சப்பாத்து இல்லை. சனி!" என்றார் அடிகள்.

கூட்டம் குனிந்து தன் கால்களைப் பார்த்தது. சனி தென்படவில்லை. இருந்தும் நம்பியது.

காரணம் இருந்தது. ஊரிலிருந்து நாற்பது பேர் பஸ் பிடித்துச் சிவனொளிபாதமலை ஏறப் போகிறார்கள். அதற்காகவே வவுனியாவுக்குப் போய் மலையேறும் சப்பாத்து வாங்கியிருந்தார்கள். செருப்புக்கே பழகாத கால்கள். புதுச் சப்பாத்துக்குள் போனதும் குதி நொந்தது, விரல் கொப்பளித்தது. அந்த நேரம் பார்த்து அடிகள் வந்து இறங்கினார். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு ஆகாயத்தைக் காட்டினார்.

அவர் விற்றது உள்சோல். சப்பாத்துக்குள்ளே பாதத்துக்கு அடியில் போடுகிற மெத்தைத் தகடுதான். ஆனால் இது செப்பு விளிம்பு வைத்தது, ஏழு மலை மண் பூசியது. கால் அளவை அவர் கேட்கமாட்டார். நட்சத்திரத்தைத்தான் கேட்பார். ஆறாம் அளவுக் காலும் பத்தாம் அளவுக் காலும் அனுஷத்தில் பிறந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே சோல். மிச்சம் தொங்கும் குதியைக் கிரகம் பார்த்துக்கொள்ளும்.

சந்தேகப்பட்டவர்களுக்கு அங்கேயே நிரூபணமும் உண்டு. ஆளை நிறுத்தி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லிக் கீழே அழுத்துவார். ஆள் சரிவார். பிறகு சோலின் மேல் நிறுத்தி அழுத்துவார். ஆள் தூணாய் நிற்பார். சனம் கைதட்டும். ஒரு மூடை அரிசியின் விலைக்கு ஒரு சோடி வாங்கும்.

சுடலைமுத்துவும் வாங்கினார். அறுபத்தாறு வயது, பதினைந்து வருடமாக நீரிழிவு, ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று தினமும் அந்த மலையைப் பார்த்திருக்கிறார். ஒருநாளும் ஏறியதில்லை. இந்த முறை ஏறியே ஆகவேண்டும் என்று சோலைப் போட்டுக்கொண்டு எட்டு நாளாகக் குளக்கட்டில் நடந்து பழகினார்.

மகள் ரஜிதா கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறவள். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், அப்பாவின் சொக்ஸ் குதியோடு ஒட்டிக் காய்ந்திருந்ததைக் கண்டாள். தண்ணீர் விட்டு மெல்ல உரித்தாள். செப்பு விளிம்பு குதியை அறுத்திருந்தது. புண் சீழ் வைத்திருந்தது.

"அப்பா, இது நோகேல்லையோ?"

"ஒண்ணுமே தெரியல புள்ள. முந்தி எரிஞ்சுகிட்டே இருந்த காலு, இப்ப மரத்துப் போச்சு. சக்தி எறங்குனா அப்பிடித்தானாம். கெட்ட ரத்தம் வெளிய போவுதுன்னு சாமி சொன்னாரு."

"கிளினிக்குக்குப் போனனீங்களோ?"

"மருந்து போட்டா சக்தி போயிருமாம். சாமி சொல்லாம நான் வர மாட்டேன்."

ரஜிதா புண்ணைக் கட்டினாள்.

"சரி, சாமியிட்டையே போவம்."

சந்தையில் அடிகள் உற்சாகமாக இருந்தார். ரஜிதா நேரே போய்க் கேட்டாள்.

"நாங்கள் காலமை காணிக்குள்ள இறங்க முதல், வெடி தேடுற மெசினை ஒரு இரும்புத் துண்டுக்கு மேல பிடிச்சுப் பாப்பம். கத்தாட்டி அந்த மெசினை அண்டைக்கு எடுக்கமாட்டம். உங்கட சோலை எப்பிடிப் பாத்தனீங்கள்?"

"சக்தியைச் சோதிக்கக்கூடாது, தங்கச்சி."

"சக்தியைச் சோதிக்கேல்லை. சோலைத்தான்."

யாரோ சிரித்தார்கள். மறுத்தால் வியாபாரம் கெடும். அடிகள் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

சந்தை மூலையில் சப்பாத்துத் தைக்கும் முத்தலிப், ஐந்து பேரின் சப்பாத்துகளைக் கடைக்குப் பின்னால் எடுத்துப்போனார். இரண்டு சோடிக்குள் அடிகளின் சோல். மூன்று சோடிக்குள் பிஸ்கட் பெட்டி மட்டை. எது எவருக்கு என்று கடதாசியில் எழுதி மீன்காரரிடம் கொடுத்தார். ரஜிதாவுக்கும் தெரியாது, அடிகளுக்கும் தெரியாது. கிரகங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும்.

அடிகள் ஒவ்வொரு கையாக அழுத்தினார். மூவர் தூணாய் நின்றார்கள். "சக்தி இருக்கு!" இருவர் சரிந்தார்கள். "இதுகள் போலி!"

மீன்காரர் கடதாசியை வாசித்தார். முத்தலிப் சப்பாத்துகளைக் கவிழ்த்துக் காட்டினார். சரிந்த இருவருக்கும் அடிகளின் சோல். நின்ற மூவருக்கும் மட்டை. அதில் ஏழு மலை மண் இல்லை. இரண்டு எறும்புகள் இருந்தன.

"இது ராகு காலம்!" என்றார் அடிகள்.

"அது காலமையே முடிஞ்சுது, சாமி" என்றாள் வெற்றிலைக் கடைப் பேச்சியம்மா. ராகு காலம் பார்க்காமல் அவள் கடை திறப்பதில்லை.

ரஜிதா முத்தலிப்பை வெறுங்காலோடு நிறுத்தினாள். "முத்தலிப் நானா, கையை நீட்டுங்கோ." கையை வெளிப்பக்கமாக இழுத்து அழுத்தினாள். சரிந்தார். உடம்பின் பக்கமாக அழுத்தினாள். அசையவில்லை.

"அமத்துற பக்கத்திலதான் விசயம். சோலும் தேவையில்லை, சாமியும் தேவையில்லை."

ஐந்தாவது நிமிடத்தில் சந்தை முழுவதும் ஒருவரையொருவர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்தலிப் செப்பு விளிம்பைக் கத்தியால் சுரண்டினார். உள்ளே தகரம். அடிகள் வானில் ஏறப் பார்த்தார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் சனம் கதவைச் சாத்தவிட்டது.

சுடலைமுத்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆசுபத்திரிக்குப் போவோம் புள்ள" என்றார். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டொக்டர். கால் தப்பியது. மலை தப்பிப் போனது. கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி, "நாற்பது பேர்ல ஒரு சீட்டு காலியாத்தான் போகும்" என்றார். ரஜிதா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஸ் புறப்பட முந்திய கிழமை, மலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து எந்தச் சோல் நல்லது என்று ரஜிதாவிடம் கேட்டார்கள்.

"பின்னேரம் போய் வாங்குங்கோ, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். சப்பாத்தில இருக்கிற பழைய சோலைக் கழட்டிப்போட்டுப் புதுசைப் போடுங்கோ. மலைக்குப் போடுற சொக்சோட நிண்டு பாருங்கோ. விரலுக்கு முன்னால பெருவிரல் அகலம் இடம் வேணும். குதி வழுக்கக்கூடாது. உள்ளங்கால் வளைவுக்குக் கீழ வெறுமையா இருக்கக்கூடாது. வீட்டுக்குள்ள ரெண்டு நாள் நடவுங்கோ. கடிச்சா மாத்துங்கோ."

"இவ்வளவுதானோ?" கூட்டத்துக்கு ஏமாற்றமாக இருந்தது.

வந்தவர்களில் ஒருத்தியான விமலேஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ரஜிதா, போடேக்க எந்தத் திசையைப் பாத்துப் போடவேணும்?"

"நடக்கிற திசையை, அக்கா."

விமலேஸ்வரி அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டாள். மலை ஏறப் போகும் பெருமக்களே, தலையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குப் பஸ்சில் தனி டிக்கெட் இல்லை.