சூசையப்பர் பேசிய ஒரே வசனம்

பேச வேண்டிய இடத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. அதற்குச் சங்கம் வைத்தால் நான்தான் தலைவர். (சம்மதமா என்று கேட்டால் அதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன்.) ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அப்படித்தான். "என்னடா, நாளையிலேர்ந்து வரமாட்டியா?" என்று வாத்தியார் சும்மா கேட்டார். ஆட்டிவிட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் எங்கள் ஊர். ஊர்க்கோடியில் கன்னியர் மடம். அங்கே மாடுகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மடத்துக்குத் தலைவி சிஸ்டர் அடைக்கலமேரி. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மடத்தில் சேர்ந்து, பச்சைமலை அடிவாரத்தில் பாதி ஆயுளைப் பிரசவம் பார்த்தே கழித்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தார். ஊசி போடுவார். ஆர்மோனியம் வாசிப்பார். தையல் சொல்லிக்கொடுப்பார். கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால், மெக்கானிக் வருவதற்குள் ஸ்டார்ட்டரைக் கழற்றித் தரையில் பரப்பியிருப்பார். வெள்ளை அங்கியோடு மொபெட்டில் அவர் பறந்தால் எதிரே வரும் சிமெண்ட் லாரி ஒதுங்கி வழிவிடும். அவருக்குக் கைவராத ஒரே வித்தை, என் தலையாட்டலுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறப்பு நாடகம் போட்டார். கதை, பாட்டு, உடை, இயக்கம் எல்லாம் அவரே. மாதாவின் கணவரான சூசையப்பர் வேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நான் கும்பிடுவது அய்யனாரை. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"பயப்படாதீங்க கலியமூர்த்தி. பைபிள் முழுக்கத் தேடுனாலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசினதா கிடையாது. உங்களுக்குன்னே செஞ்சு வச்ச வேஷம். கம்பப் புடிச்சிக்கிட்டு நின்னா போதும்."

ஆட்டினேன்.

"தொழுவத்துக்கு உங்க வீட்டுச் செவலைய ஓட்டிட்டு வாங்க. நம்ம மாடெல்லாம் கறுப்பு வெள்ளைச் சீமை மாடு. பெத்லகேம்ல அது ஏது? செவலை சினைதானே, இன்னும் நாள் இருக்குல்ல?"

நாள் இல்லை. ஆனாலும் ஆட்டினேன்.

செவலை என் மனைவி செல்வியின் மாடு. தாய் செத்துப்போன கன்றைப் பால்புட்டி பிடித்து வளர்த்தவள் அவள். அதற்கு அதுதான் தலைச்சன் ஈற்று.

"மடி எறங்கி நிக்குது. இன்னிக்கோ நாளைக்கோங்கற மாட்ட நாடகத்துக்கு ஓட்டிட்டுப் போவாங்களா? போயி முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று விரட்டினாள்.

போனேன். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று சிஸ்டர் என் மோவாயில் தாடியை ஒட்டிப் பார்த்தார். மறுக்கப் போனவன் தாடியோடு வீடு திரும்பினேன். செல்வி தாடியை இழுத்துப் பார்த்தாள். "என் மாட்டுக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்படியே தாடியோட இமயமலைக்குப் போயிடுங்க. வூட்டுப் பக்கம் வரக் கூடாது" என்றாள்.

அந்தத் தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்காச்சோளக் கதிரின் நாரைக் கொண்டு சிஸ்டர் தன் கையால் கட்டியது. பார்த்தால் அப்படியே பச்சைக் கதிர்தான். செவலைக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நாக்கை நீட்டி வலப்பக்கத் தாடியை இழுத்து மென்றுவிட்டது. ஊரே சிரித்தது. பாதித் தாடியோடு நான் சாமி பார்வை பார்த்துக்கொண்டு நின்றேன். செவலை வைக்கோலில் படுத்தது. சாப்பிட்ட களைப்பு என்று நினைத்தேன்.

களைப்பு இல்லை. பின்பக்கம் ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. ஒன்றே ஒன்று. கன்று என்றால் முன்னங்கால் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். ஒன்றுதான் வருகிறது என்றால் இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அதை நேராக்காவிட்டால் தாயும் இல்லை, கன்றும் இல்லை. (இமயமலை கண் முன்னால் வந்து நின்றது.)

எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது. நானோ பேசாத சூசையப்பர். ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த சிஸ்டரைப் பார்த்துப் பலமாகத் தலையை ஆட்டினேன். பிரமாதமாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தபடி ஆட்டினார்.

செவலை முனகியது. எப்படித் திறந்தது என்று தெரியாது, வாய் திறந்துவிட்டது.

"சிஸ்டர்! ஒரு காலுதான் வந்திருக்கு!"

தலைக்கு மேலே மைக் தொங்கியதை நான் மறந்திருந்தேன். அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதாம். மாதாவாக நடித்த பெண் அலறி, குழந்தை இயேசு பொம்மையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

சிஸ்டர் ஒரே தாவலில் மேடைத் தொழுவத்தில் இருந்தார். "பாட்ட நிறுத்தாதீங்க, மாடு மெரண்டுரும்!" என்று பாடகர் குழுவுக்குக் கத்தினார். பயத்தில் அவர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் பாடினார்கள். சிஸ்டர் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி, குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் மூன்று ராஜாக்களில் ஒருவரின் பொன் பெட்டிக்குள் போட்டார். இன்னொரு ராஜா கிரீடம் உருள, தேங்காயெண்ணெய்க்கு ஓடினார். முன்வரிசையிலிருந்து செல்வி பாய்ந்து வந்து செவலையின் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மூச்ச நல்லா இழுத்து விடும்மா... அவ்வளவுதான், அவ்வளவுதான்..." பழைய வழக்கத்தில் மாட்டிடம் சொல்லிக்கொண்டே சிஸ்டர் முழங்கை வரை எண்ணெயைத் தடவினார். அதே வழக்கத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "புருசன்லாம் இங்க நிக்கக் கூடாது. வெளிய போங்க!"

போனேன். பாதித் தாடியோடு, பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல மேடையோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். (பொம்மையைத் தட்டிக்கொடுத்தேனாம். எனக்கு நினைவில்லை.)

உள்ளே மடங்கிய காலைச் சிஸ்டர் தேடிப் பிடித்து நேராக்கினார். "முக்கும்போது மட்டும் இழுங்க!" என்றார். ராஜாக்கள் மூவரும் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசைவில்லை. பாடகர் குழுகூட நின்றுவிட்டது. சிஸ்டர் ஒரு வைக்கோலை அதன் மூக்குக்குள் விட்டார். கன்று தும்மியது. அந்தச் சந்தோஷத்தில் மைக் செட்டுக்காரர் குழந்தை இயேசுவுக்காகப் பதிந்து வைத்திருந்த அழுகையைப் போட்டுவிட்டார். "குவா குவா" என்று மைதானம் முழுக்கக் கேட்க, ஊர் எழுந்து கைதட்டியது.

"மனுசப் பிரசவம் கணக்கில்லாம பாத்திருக்கேன். மாட்டுக்கு இதான் மொதோ தடவ" என்று சிஸ்டர் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க கலியமூர்த்தி, நாள் இருக்குன்னு தலையாட்டினீங்களே?"

அதற்கும் ஆட்டினேன்.

சிஸ்டர் இப்போது வேறு மடத்தில் இருக்கிறார். செவலையின் பேத்தி எங்கள் தொழுவத்தில் நிற்கிறது. போன மாதம் என் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார், "உங்க சம்மதத்த உங்க வாயால சொல்லுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். "அது வந்து..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒரு காலு வந்துடுச்சு."

சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.