பக்கெட் அண்ணாத்தயும் ரமேஷும்

மீனைத் திட்டுவதற்கென்றே பூமியில் ஒருவர் பிறந்தார் என்றால், அது எங்கள் படூர் பக்கெட் அண்ணாத்ததான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஏரிக்கரையில் ஒரு சிவப்பு பக்கெட்டோடு நிற்பார்.

அவருடைய பரம விரோதி டேங்க் கிளீனர். கண்ணாடித் தொட்டியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்தக் கறுப்பு மீன். தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் அதை ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் சேர்ந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அது அங்கே பெருகி, மற்ற மீன்களின் முட்டையைத் தின்று, முள்ளால் வலையைக் கிழித்தது. ஏரியில் வலை வீசியவர்கள் ஒவ்வொருவராக செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட, மிச்சம் இவரும் ஒரு கந்தல் வலையும்தான்.

பாலித்தீன் பையோடு யார் வந்தாலும் வழிமறிப்பார்.

"இன்னா சார் கவர்ல?"

"சும்மா... ஏரில விட்டா புண்ணியம்னு..."

"புண்ணியமா? விரால் முட்ட ஒண்ணு வுடாம துன்னுடும் சார் இது! பக்கெட்ல போடு. பாவம் எனக்கு வரட்டும்."

வலையில் சிக்குவதையும் பக்கெட்டில் விழுவதையும் தென்னை மரத்தடியில் புதைப்பார். அந்த மீனோ தண்ணீர் இல்லாமலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும் ரகம். "செத்துத் தொலையேன்டா, எனக்கு வேற வேல இல்லயா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருப்பார். உண்மையில் அவருக்கு வேறு வேலை இல்லை. பேச ஆளும் இல்லை. மனைவி இறந்த பிறகு, ஏரிக்கரைக்குக் கீழே தகரக் கூரை வீட்டில் தனி ஆள்.

இப்பேர்ப்பட்ட வீரரைக் கவிழ்த்தது என் மகள். கோயம்புத்தூர் கல்லூரிக்குக் கிளம்பும்போது தன் மீனைக் கொண்டுபோய் நீட்டி, "அங்கிள், இது ரமேஷ்" என்று சொல்லிவிட்டாள். மனிதர் வெலவெலத்துப் போனார்.

"மீனுக்கு யாராச்சும் ரமேஷ்னு பேரு வெப்பாங்களா சார்? பேரு வெச்சத எப்டி சார் அடிக்கிறது?"

செய்தி பரவியது. அதற்குப் பிறகு வந்த மீன்கள் எல்லாம் பெயரோடுதான் வந்தன. லட்டு, ராக்கி, நாவலூர் ஐ.டி. பையன் ஒருவன் கொடுத்தது 'மேனேஜர்'. பதினாறு மீன்களுக்கு டிரம், தெர்மாகோல் பெட்டி என்று வீடு நிறைந்து, அண்ணாத்த படுக்கை வாசலுக்கு வந்தது. வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டபடி, "மேனேஜரு மூஞ்சியே சரியில்ல சார்" என்று என்னிடம் வருத்தப்படுவார்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, காலையில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கம்பக்கத்தார் எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள். இவரைக் காணோம் என்றதும் அதே படகில் நான் போனேன். டிரம்களின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அவற்றின் மேல் கந்தல் வலையைப் போர்த்தி, குறுக்கே படுத்துக் கிடந்தார்.

"நான் எயுந்தா பதினாறும் ஏரிக்குப் பூடும் சார். இத்தினி வருசம் புடிச்சதெல்லாம் வேஸ்ட்டு."

"அடிச்சுப் போட்டுட்டு வாங்க அண்ணாத்த. தண்ணி ஏறுது!"

"ரமேஷயா?" என்றார்.

நான் படகுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"ஆளுங்கள ஏத்துற போட்டு சார் இது!" என்று கத்திய படகுக்காரரைக் கெஞ்சி, மூடி போட்ட பக்கெட்டுகளில் பதினாறையும் ஏற்றினோம். அடுக்குமாடியில் கதவு கதவாகத் தட்டி, கொடுத்தவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டினோம். "ஏரில வுட்டீங்க, நா மனுசனா இருக்க மாட்டேன்" என்று மிரட்டிய அண்ணாத்த, ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார். வீட்டுக்கு வீடு ஒரு டீயும் குடித்தார்.

வருஷங்கள் ஓடின. லட்டு செத்தது, ராக்கி செத்தது, மேனேஜரும் போய்ச் சேர்ந்தது. இப்போது மிச்சம் ரமேஷ் மட்டும். மகள் வேலை கிடைத்து டொராண்டோ போய்விட்டாள். என் மனைவி காலமானது அதற்கும் முன்பே. வீட்டில் ரமேஷும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணாத்த வராவிட்டால் கதவைத் தட்ட ஆளில்லை.

அதனால் சனிக்கிழமை தவறாமல் போன் செய்கிறேன்.

"அண்ணாத்த, ரமேஷ் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. வந்து பாருங்களேன்."

மறுநாள் வருவார். முழ நீளத்துக்குக் கொழுத்து, தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் கிடக்கும் ரமேஷை நெடுநேரம் பார்ப்பார். பிறகு டீயைக் கையில் வாங்கிக்கொள்வார்.

"ஆமா சார், எளச்சித்தான் கீறாரு. அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."