ஐம்பத்தோராவது சீர்த்தட்டு

பழங்காநத்தம்,
22-2-2004, ஞாயிறு மதியம்

மகா கனம் பொருந்திய சம்பந்தி, கொட்டாம்பட்டி நல்லகாமன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்களுக்குப் பெண் கொடுத்த பேயாண்டி பணிவோடு எழுதுவது. இவ்விடத்தில் எனக்குச் சர்க்கரையும் என் வீட்டுக்காரி பாண்டியம்மாளுக்குக் கோபமும் இருப்பது தவிர, மற்றபடி எல்லாரும் சௌக்கியம். அவ்விடத்தில் தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகள் அஸ்வினியும், தங்கள் சினைப்பசுவும் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியமாக இருக்க மீனாட்சி பார்த்துக்கொள்வாளாக. நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இதில் பிழை இருந்தால் பாதி என்னுடையது, மீதி வாத்தியாருடையது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் பாண்டியம்மாள் தலைமாட்டில் இருக்கிறது. அதனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் என்னவென்றால், தலைப்பொங்கலுக்கு நாங்கள் கொண்டுவந்த சீரில் ஐம்பத்தோரு தட்டு இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அக்காள் மூன்று தடவை எண்ணினார்கள். அதில் ஐம்பது தட்டு நான் மனசாரக் கொடுத்தது. ஐம்பத்தோராவது தட்டை நான் கொடுக்கவே இல்லை.

நான் முப்பத்தோரு வருஷம் சினிமாத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். அதைச் சொல்லித்தான் சம்பந்தம் பேசினேன், அதில் பொய் இல்லை. படம் ஆரம்பிக்கும் முன்னால் திரைச்சீலையைத் தூக்கும்போது ஒரு இங்கிலீஷ் ரிக்கார்டு போடுவோம். பாட்டு கிடையாது, வெறும் கிதார். டிடிங் டிடிங் என்று ஓடிவந்து, கடைசியில் அலை வந்து பாறையில் மோதுகிற மாதிரி ஒரு அடி விழும். அந்த அடிக்குச் சரியாகச் சீலை உச்சிக்குப் போய் நிற்கணும். எழுபத்து நாலில் அந்த ரிக்கார்டு உடைந்துபோனது. உடைத்தது நான்தான், முதலாளியிடம் எலி என்று சொன்னேன். பேர் எழுதின தாள் எப்பவோ தேய்ந்துபோனதால், வாசித்தது யார், அதற்கு என்ன பேர் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு முதலாளி மணி அடிக்கச் சொல்லிவிட்டார். மணிக்கும் அதுக்கும் எம்புட்டு தூரம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு டவுன்ஹால் ரோட்டில் சிடி கடை வைத்திருக்கிற சாய்பிரசாத் ஒருநாள் சொன்னார், வெளிநாட்டுக்காரன் அந்தக் காலத்து ரிக்கார்டையெல்லாம் தேடியெடுத்து, கீறல் போகத் துடைத்து, சிடியில் மறுபடி விடுகிறான் என்று. நம்ம பாஷையில் சொன்னால், பழைய படத்துக்குப் புது பிரிண்ட். அன்னைக்குப் பிடிச்சது எனக்குச் சனி. நான் மூக்கால் பாடிக் காட்டுவேன், அவர் பெங்களூரிலிருந்து வரவழைப்பார், வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டால் அது வேறயா இருக்கும். மறுபடி போய் மூக்கால் பாடுவேன். கடைக்கு வர்ற ஆளுக எனக்கு மூச்சு முட்டுதுன்னு தண்ணி வாங்கிக் கொடுத்திருக்காக. இப்படி நாலு வருஷத்துல பதினோரு சிடி சேர்ந்துபோச்சு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அட்டைப்படத்தை வச்சுத்தான் அடையாளம். தொப்பி போட்டுக் குதிரை பக்கத்துல நிக்கிறவிங்க நாலு சிடி. இவிங்க பொண்டாட்டி விட்டுட்டுப் போனதைப் பாடுறவிங்க. தலையில அரைப்படி எண்ணெய் தடவிச் சீவினவிங்க நாலு. இவிங்க பொண்டாட்டி வர்றதுக்கு முந்திப் பாடுறவிங்க. மிச்சம் மூணும் பலகைக்காரய்ங்க. ஆளுக்கொரு நீளப் பலகையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள போறாய்ங்க. எதுக்கு வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போறாய்ங்கன்னு பாண்டியம்மா கேட்டா. வீட்டுக்குள்ள சண்டை தாங்கலை போலன்னு சொன்னேன். அன்னைக்கு எனக்குச் சோறு பிந்துச்சு.

அந்தப் பதினோராவது சிடி, பலகைக்காரய்ங்கள்ல மூணாவது, சீர் கொண்டுவர்ற அன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு. போட்டேன். ஏழாவது உருப்படி. அதேதான் சம்பந்தி. டிடிங் டிடிங்னு வந்து அந்த அடி விழுந்துச்சு பாருங்க, என் ரெண்டு கையும் தன்னால மேல போயிருச்சு, சீலையத் தூக்க. முப்பது வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை கேட்டேன். அதுக்குள்ள வாசல்ல வேன் வந்து ஹாரன் அடிச்சிட்டான்.

நான் ஓடிப்போய் வேன் மேல கரும்பு கட்டிக்கிட்டு இருந்தேன். என் மச்சினன் முத்திருளன் தட்டுகளை எண்ணினான். அதிரசத் தட்டு ஒண்ணை டிரைவர் மிதிச்சுப்புட்டார், அதனால ஐம்பதுதான் இருந்துச்சு. சீர்த்தட்டு இரட்டைப்படையில வரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒண்ணைக் குறைச்சு நாப்பத்தொம்பதா ஆக்கிருவோம் மாப்ளன்னு மேலயிருந்தே சொன்னேன். "அக்கா மக சீரைக் குறைக்கவா மச்சான் நான் தாய்மாமன்னு மீசை வச்சுருக்கேன்" அப்படின்னவன், விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனான். பளபளன்னு என்ன இருக்குன்னு பார்த்திருக்கான். என் பதினோரு சிடியையும் அள்ளித் தட்டுல தாமரைப் பூ மாதிரி அடுக்கி, நடுவுல ரெண்டு சாத்துக்குடி வச்சு, மஞ்சள் கண்ணாடித்தாள் சுத்தி, ரிப்பனும் கட்டிப்புட்டான். அழகா இருந்துச்சுன்னு ஒத்துக்கிறணும்.

நான் பார்த்தது உங்க ஊர்ல மேளத்துக்குப் பின்னால நடந்துவர்றப்பதான். அந்தத் தட்டு பாண்டியம்மா கையில இருக்கு. நான் கிட்டப்போய்க் காதுல சொன்னேன். "முன்னால பார்த்து நடங்க, வீடியோ எடுக்குறாக" அப்படின்னா. அந்த வீடியோ கேசட்டை மாப்பிள்ளை போட்டுக் காட்டினார். அதுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வர்றீக, நான் மட்டும் பொணத்துக்குப் பின்னால வர்ற மாதிரி வாரேன்.

சரி, உங்க வீட்டுக்குள்ளதான இருக்கு, எங்க போயிறப் போகுதுன்னு நினைச்சேன். சீர்ப் பலகாரத்தைப் பங்காளி வீடுகளுக்குப் பங்கு வைக்கிறது முறை. முறையைக் குறை சொல்ல நான் யாரு. ஆனா வீட்டுக்கு அஞ்சு அதிரசம், ஒரு சீப்புப் பழம், ஒரு சிடின்னு பத்து வீட்டுக்கும் ஒண்ணுபோலப் பங்கு வச்சீக பாருங்க, அந்த நேர்மைதான் இன்னமும் என் நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு. பொங்கலுக்கப்புறம் நான் மூணு தடவை உங்க ஊருக்கு வந்தேன். மக மேல எம்புட்டுப் பாசம்னு ஊரே மெச்சிச்சாம். மகளைப் பார்த்தது மொத்தம் பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் பங்காளி வீடு பங்காளி வீடா ஏறி எறங்கினேன். விருமாண்டி வீட்டுல எண்ணெய்த்தலைக்காரன் பாகற்காய்ப் பந்தல்ல தொங்குறான், சிடி மினுக்குறதுல பயந்து கிளி கிட்ட வரலையாம். எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம ரெண்டு மணி நேரம் பாகற்காயைப் பத்தியே பேசினேன். அவர் மனசு குளுந்துபோய் நாலு கிலோ பறிச்சு மடியில கட்டிவிட்டார். கண்ணுச்சாமி வீடு அதைவிட மோசம். தொப்பிக்காரன் படத்துக்கு பிரேம் போட்டு, மாலை போட்டு, விளக்கு ஏத்தி வச்சிருக்காக. பர்மாவுக்குப் போன அவுக அய்யாவுக்குப் போட்டோவே கிடையாதாம், இவர் அச்சு அசல் அதே ஜாடையாம். பக்கத்துல குதிரை நிக்குதேன்னு கேட்டேன். "அங்கன வாங்கியிருப்பாரு" அப்படின்னார். திருநீறு பூசிக்கிட்டுக் கும்பிட்டு எந்திரிச்சேன். கும்பிடுற சாமியத் திருப்பிக் கேக்க முடியுமா?

அந்தப் பத்தும் போகட்டும். ஏழாவது உருப்படி இருக்கிற மூணாவது பலகைக்காரன் உங்க வீட்டுக் கண்ணாடி அலமாரியில, வெள்ளி டம்ளருக்குப் பக்கத்துல நிக்கிறதைப் போன வாரம் பார்த்தேன். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். நாசூக்கா ஆரம்பிக்கலாம்னு, சிடி எப்படி இருக்கு சம்பந்தின்னு கேட்டேன். நீங்க, "தினம் விடியக்காலம் அதைக் கேக்காம எனக்குக் காப்பி இறங்குறதில்ல சம்பந்தி. சீருன்னா இதுல்ல சீரு" அப்படின்னுட்டீக. அதுக்கு மேல நான் எந்த வாயை வச்சுக் கேக்குறது? பஸ் ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாண்டியம்மாகிட்டச் சொன்னேன். "குடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா, குடுத்த பொண்ணைத் திருப்பி அனுப்புவாக. உங்களுக்குப் பொண்ணு வேணுமா, டிடிங் வேணுமா?" அப்படின்னு கேட்டா. நான் கொஞ்சம் யோசிச்சேன். யோசிச்சதுதான் தப்பு. அன்னையிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை, மூணு வேளையும் பாகற்காய்.

ஆகவே சம்பந்தி அவர்கள் பெரிய மனசு பண்ணி, அந்த ஒத்தைச் சிடியை மட்டும், பாண்டியம்மாள் கண்ணில் படாமல், அஸ்வினி அடுத்த தடவை வரும்போது முருங்கைக்கீரைக் கட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு தட்டு நிறைய அதிரசம், டிரைவர் மிதிக்காதது, நானே கொண்டுவந்து வைக்கிறேன். கணக்கு ஐம்பத்தொன்றில் நிற்கும், தங்கள் அக்காளும் மறுபடி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதை மனசில் வைத்துக்கொண்டு என் மகளை ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம். அவள் எண்ணெய்த்தலைக்காரனையும் கேட்டதில்லை, தொப்பிக்காரனையும் கேட்டதில்லை. வாயில்லாப் பிள்ளை. வாய் எல்லாம் அவ அம்மாவோடு நின்றுவிட்டது.

சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பதினாறும் வந்து சேரட்டும். பசு கிடாரிக் கன்று போடட்டும். கண்ணுச்சாமி வீட்டுக் குதிரைக்கார அய்யாவுக்கு என் சார்பில் ஒரு சூடம் ஏற்றவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை நம்பியிருக்கும்
சு. பேயாண்டி (ஆபரேட்டர், ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னால வீட்டுக்குப் பசை எடுக்கப் போனேன். முத்திருளன் வந்திருந்தான், அவன் வீட்டு விசேஷத்துக்கு என் சிடி பிளேயரை இரவல் கேட்டு. பொங்கல்ல இருந்து வெறுத்துப்போய் நான் அதைத் தொடவே இல்லை, எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைடான்னேன். அவன் வேலை செய்யுதான்னு பார்க்க பட்டனை அமுக்கினான். நாக்கை நீட்டின மாதிரித் தட்டு வெளிய வந்துச்சு. அதுமேல அந்த மூணாவது பலகைக்காரய்ங்க சிடி உக்காந்திருக்கு. அன்னைக்கு வேன் ஹாரன் அடிச்ச அவசரத்துல நான் வெளிய எடுக்கவே இல்லை சம்பந்தி. அலமாரியில இருக்கிறது வெறும் டப்பா. மேல எழுதினதையெல்லாம் எழுதாததா நினைச்சுக்கிருங்க, டப்பா உங்களுக்கே இருக்கட்டும், முருங்கைக்கீரையை மட்டும் கொடுத்துவிடுங்க. ஒரே ஒரு சந்தேகம்தான். தினம் விடியக்காலம் அதுல நீங்க கேக்குறது எந்தப் பாட்டு? ஒரு தடவை மூக்கால பாடிக் காட்டினாப் போதும், முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வாரேன்.