மேற்கு மாம்பலத்து நோட்டுப் படலம்

அது தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேள்விகள் இருபத்தேழு என்று நினைவு, குறைவாகவும் இருந்திருக்கலாம். ஆயுத பூஜை தினம் என்பது மட்டும் நிச்சயம்.

வாழ்க சூடாமணி! மாடவீதியின் மாலைக் கூட்டத்தை முழங்கையால் பிளந்து வழி காணும் முப்பத்தொன்பது வயது வீராங்கனை. நாலாயிரத்து இருநூறு ஜாதகங்களின் காவல் தெய்வம். மயிலாப்பூர் ராஜகோபாலன் நடத்திய திருமணத் தகவல் நிலையத்தின் ஒரே எழுத்தர். அவள் புகழ் தெற்கே திருவான்மியூர் வரை செல்லவில்லை. சென்றிருக்க வேண்டும்.

அந்த நாலாயிரத்து இருநூறு குலங்களின் கட்டங்களும் கோத்திரங்களும், வெளியே சொல்லக் கூடாது என்று சிவப்பு மையில் குறித்த சங்கதிகளும், தினமும் மாலையில் தொலைபேசிக் கம்பி வழியே புறப்பட்டு, மேற்கு மாம்பலத்தில் சுவாமிநாதன் என்பவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. ஊராருடைய தகவல்களை வாங்கித் தன்னிடம் பத்திரமாக வைத்திருப்பதே அவர் தொழில். பத்திரம் எத்தகையது என்று ஆராய்ந்து வர, ராஜகோபாலன் இருபத்தேழு கேள்விகளைத் தட்டச்சு செய்து சூடாமணியிடம் கொடுத்தார். பூஜைக்கு எப்படியும் கூப்பிட்டிருக்கிறார்கள், சுண்டலோடு இதையும் முடித்துவிட்டு வா என்பது அரச கட்டளை.

ஜாதகங்களில் அறுநூற்றுப் பதினோராவது சூடாமணியுடையது. இருபத்திரண்டு வயதில் நடந்து, பதினோரு மாதத்தில் கோர்ட்டில் முடிந்த ஒரு கல்யாணம் அதில் நாலு வரியாக இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை அடையாற்றிலிருந்து குருபிரசாத் என்ற பாங்க் ஊழியர் அவளைப் பார்க்க வருகிறார். அந்த நாலு வரியைத் தன் வாயாலேயே அவரிடம் சொல்வதென்று அவள் தீர்மானித்திருந்தாள். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. உலகத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆகவே, வாழைக்கன்று கட்டிய பேருந்து தன் ரதமாக, குடை தன் கதாயுதமாக, தியாகராய நகரில் இறங்கி, பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்த வீதிகளை ரத்தக் களங்களைத் தாண்டுவது போலத் தாண்டி, துரைசாமி சுரங்கப்பாதையின் இருளுக்குள் புகுந்து மறுகரை ஏறி, சுவாமிநாதனின் கோட்டை வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

நெற்றியில் பட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக எதிர்கொண்டார் சுவாமிநாதன். "காத்துகூட என்னைக் கேட்டுண்டுதான் இங்கே உள்ளே வரும்" என்று பிரகடனம் செய்தார்.

போர் தொடங்கியது. தாளைப் பிரிக்காமல், மனப்பாடமாகவே, கதவுக்குப் பூட்டு எத்தனை என்று அவள் அம்பை எய்தாள். மூன்று என்று அவர் கேடயத்தைத் தூக்கினார். அயலார் உள்ளே வருவதுண்டா என்றாள். பெருக்கித் துடைக்கும் பாஞ்சாலியைத் தவிர யாருமில்லை என்றார். ஒருவர் தன் தகவலை அழிக்கச் சொன்னால் என்று அழிப்பீர்கள்? அன்றைக்கே. எதையும் அவரால் இயக்கிக் காட்ட முடியவில்லை. இயந்திரம் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக ஓய்வில் இருந்தது. அதைத் தொடச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. இருபத்தாறு அம்புகளுக்கு இருபத்தாறு கேடயங்கள்.

இருபத்தேழாவது: இயந்திரத்தைத் திறக்கும் ரகசியச் சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

அவர் புன்னகை செய்தார். சாவியை எடுத்தார். மூலையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். அது காலியாக இருந்தது.

ரகசியச் சொல் எழுதிய நோட்டைத் தேடி அவர் தட்டுத் தட்டாகத் துழாவினார்.

"அந்த நோட்டா?" என்றாள் துடைப்பத்தோடு நின்ற பாஞ்சாலி. "நீதான சார் காலைல சாமியாண்ட வெச்சே. சந்தனம் காயணும், மூடாதேன்னு வேற சொன்னே."

கோட்டையின் முன்கூடம் தெருவைப் பார்த்தது. அங்கே சரஸ்வதி படத்தின் முன், அடுக்கிய புத்தகங்களின் உச்சியில், மஞ்சளும் குங்குமமும் துலங்க, மலர்ந்த தாமரையைப் போலத் திறந்து கிடந்தது நோட்டு. மயிலாப்பூர் ஜாதகங்கள் என்ற தலைப்பு, கூப்பிட வேண்டிய தொலைபேசி எண், ரகசியச் சொல், மூன்றும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில். காலை முதல் தெருவே வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

சூடாமணியின் கை நீண்டது, நடுவழியில் நின்றது. பூஜையில் வைத்த நோட்டை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. சொல்லை மாற்றலாமென்றால் இயந்திரத்தையும் அதுவரை தொடக் கூடாது. பிறந்தது முதல் அந்நாளில் செய்தித்தாளைக்கூடப் பிரித்திராதவள் அவள். இரு சேனைகளும் ஒரே சாஸ்திரத்தால் கட்டுண்டு எதிரெதிரே நின்றன.

"எடுக்கத்தான கூடாது? பூ போடலாமில்ல?" என்றாள் பாஞ்சாலி.

அதுவன்றோ போர்த்தந்திரம்! இரண்டு முழம் கதம்பம் வாசலிலிருந்து பறந்து வந்தது. சூடாமணி கொத்துக் கொத்தாகப் பொழிந்தாள். எண்கள் மறைந்தன, எழுத்துகள் மறைந்தன. கடைசி மருக்கொழுந்து விழுந்த கணத்தில், மூன்று தெருக்களின் வரன்களை விரல்நுனியில் வைத்திருக்கும் வதந்திச் சக்கரவர்த்தினி, வைரமூக்குத்தி யோகாம்பாள் மாமி, சுண்டலுக்காக எழுந்தருளினாள். பூக்குவியலை உற்றுப் பார்த்தாள்.

"காலமே வந்தப்போ திறந்துன்னா இருந்தது? நன்னாப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கு, சுவாமிநாதா. எங்காத்து மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர்லதான் இருக்கான்."

என்ன எழுதியிருந்தது என்று ஞாபகமிருக்கிறதா எனச் சுவாமிநாதன் கேட்டார். மாமி சிரித்தாள். சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சூடாமணி படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்டவள் சொல்வாளா, சொல்லமாட்டாளா என்று வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினேழு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறாள். பேனாவைத் திறந்தாள். இருபத்தேழுக்கு எதிரே, 'சரஸ்வதி படத்தின் முன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று எழுதக் கூடாது என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது.

தெருமுனை டெலிபோன் பூத்தில் அடையாற்று எண்ணைச் சுழற்றினாள்.

"நான் சூடாமணி பேசறேன். வெள்ளிக்கிழமை உங்ககிட்ட ஒண்ணு சொல்றதா இருந்தேன். இப்பவே சொல்லிடறேன்."

சொன்னாள். நாலு வரியையும், ஒன்று விடாமல். பிறகு குருபிரசாத், "சரி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன்" என்றார்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் சுவாமிநாதன் ரகசியச் சொல்லை மாற்றினார். சரஸ்வதியின் சந்நிதியைவிடப் பத்திரமான இடம் எது என்று ராஜகோபாலன் இருபத்தேழுக்கும் டிக் போட்டார். யோகாம்பாள் மாமி யாரிடமாவது சொன்னாளா என்பது தெரியவில்லை. அவள் இப்போது பெண்ணோடு பெங்களூரில் இருக்கிறாள். பாஞ்சாலிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சூடாமணிக்கும் குருபிரசாத்துக்கும் தை மாதம் கல்யாணம் நடந்தது; அடையாற்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். அங்கே லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.