கொக்கி எலும்பு எடுத்த பால்சாமி

செவ்வாய்க்கிழமை என்றால் பந்தல்குடி விலக்கில் பஸ்ஸே நகராது. நரிக்குடியிலிருந்து வேன், மல்லாங்கிணற்றிலிருந்து லோடு ஆட்டோ, அவ்வளவு கூட்டம். எல்லோருக்கும் தோள்பட்டை வலி. இருக்காதா பின்னே? கருவேலங்கட்டையை வெட்டி, மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி, கரி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் ஏற்றுகிற சனம். ஆனால் காரணம் மூட்டை இல்லையாம். பங்காளி வைத்த செய்வினையாம்! அது தோளுக்குள் எலும்பைக் கொக்கியாக வளைத்துவிடுமாம். அந்தக் கொக்கியை வாயால் உறிஞ்சி எடுக்க அவதரித்தவர் பால்சாமி. அவதாரத்துக்கு முன்னால் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய முறையே தனி. முதலில் திரைக்குப் பின்னால் சிஷ்யன் சதீஸ்குமார் தோளில் ஓர் ஊசி போடுவான். அது சும்மாவாம்; சாமியின் வேகத்தை உடம்பு தாங்குவதற்காம். பிறகு பால்சாமி வாய் வைத்து உறிஞ்சி, தூ என்று ஓர் எலும்பைத் துப்புவார். கை ஜம்மென்று மேலே போகும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சில வாரத்தில் வலி திரும்பினால், பங்காளி மறுபடியும் வளைத்துவிட்டான்! பாவம் அந்தப் பங்காளி, அவனும் இதே வரிசையில்தான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கரி மூட்டை தூக்கும் பாண்டீஸ்வரிக்குக் கை எழும்பவில்லை. அருப்புக்கோட்டையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு முனை கொஞ்சம் வளைஞ்சிருக்கு. வலியே இல்லாதவங்களுக்கும் இப்படி இருக்கும். தசைநார் உரசி வீங்கியிருக்கு. மூட்டை தூக்காம பயிற்சி செய்ங்க" என்றார். அவள் காதில் ஏறியது 'வளைஞ்சிருக்கு' மட்டும்தான். நேரே பால்சாமியிடம் ஓடினாள். ஓடிக்கொண்டே இருந்தாள். வலி தெரியாத நாளிலெல்லாம் மூட்டையும் தூக்கினாள். இப்போது சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, கை முன்பைவிட மோசம்.

"சர்க்கரை ஏறினதே அங்க போடுற ஸ்டீராய்டு ஊசியாலதான் இருக்கும். அத நாங்க அளவாப் போட்டா கொஞ்ச நாள் வலி அடங்கும், எலும்பு நிமிராது. கண்டவன் கண்ட இடத்துல குத்திக்கிட்டே இருந்தா நார் அறுந்து கையே போயிரும்" என்று, திரும்ப வந்தவளிடம் டாக்டர் கத்தினார். கை போனால் பிழைப்பும் போச்சு. ஆனாலும் அடுத்த செவ்வாய் கிளம்பிவிட்டாள், மகராசி! நாத்தனார் காளீஸ்வரியும் கூடவே பஸ் ஏறினாள்.

"சாமி, எங்க மதினிக்கு ஊசி வேணாம். எலும்ப மட்டும் எடுத்துவிடுங்க" என்றாள் காளீஸ்வரி.

பால்சாமி முகம் கறுத்தது. "உடம்பு தாங்காதும்மா."

"கரி மூட்டை தாங்குற உடம்பு, ஒங்க வாயத் தாங்காதாக்கும்?"

கையைத் தூக்க முடியாமல் வந்திருந்த லாரி டிரைவர் ரத்தினம் அப்போதுதான் ஊசி போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்தார். "அண்ணே, நீங்க எலும்பு எடுக்காம சித்த நேரம் அப்பிடியே நில்லுங்க" என்று அவரையும் நிறுத்தினாள் காளீஸ்வரி.

வேடிக்கை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? "செஞ்சு காட்டுங்க சாமி!" என்று கத்தியது. வேறு வழியில்லாமல் பால்சாமி உறிஞ்சினார். துப்பினார். எலும்பும் வந்து விழுந்தது.

"மதினி, கையத் தூக்குங்க."

"யாத்தே, உசுரு போகுதே!" பாண்டீஸ்வரியின் கை தோளைத் தாண்டவில்லை.

"நம்பாதவுகளக் கூட்டியாந்தா இப்பிடித்தான்" என்று முணுமுணுத்தார் பால்சாமி.

"அண்ணே, இப்ப நீங்க தூக்குங்க."

ரத்தினத்தின் கை சர்ரென்று தலைக்கு மேலே போய் நின்றது. அவரே அதை அண்ணாந்து பார்த்தார்.

"எலும்பு வெளிய வந்தவளுக்குக் கை ஏறல. எலும்பு உள்ளயே இருக்கவருக்கு ஏறிருச்சு. வேல செய்யிறது சாமி வாயா, ஊசியா?"

ரத்தினம் திரையைப் பிடுங்கினார். உள்ளே ஸ்டீராய்டு குப்பிகள், மரத்துப்போகிற மருந்து, கொக்கியாக அரம் போட்டுத் தேய்த்த ஆட்டெலும்பு ஒரு கிண்ணம் நிறைய. பால்சாமி பின்பக்கமாக நழுவினார். கும்பிட்ட கைகளே அவர் வேட்டியைப் பிடித்தன.

"என் கைய நானே கெடுத்துக்கிட்டேனே காளீஸு!" என்று பாண்டீஸ்வரி அழுதாள்.

"நார் இன்னும் அத்துப்போகல மதினி. நேரா டாக்டர்ட்டப் போவோம், வாங்க."

புறப்பட்ட காளீஸ்வரியின் காலில் பொத்தென்று விழுந்தார் கூட்டத்தில் நின்ற செல்லப்பாண்டி. "தாயி, நீதான் நெசமான சாமி! என் முழங்காலத் தொட்டுவிடு தாயி!" திரும்பிப் பார்த்தால், அவருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கிறது சனம்.

காளீஸ்வரி துள்ளி விலகினாள். "எந்திரிங்கய்யா! ஒருத்தன் ஏமாத்துக்காரன்னு காட்டிக் குடுத்தா, என்னைய அடுத்த சாமியாக்கிருவீகளா? விழுறதுக்குக் காலத் தேடுறத விட்டுட்டு, கழுத்துக்கு மேல இருக்கத ஒருநாளாச்சும் வேல வாங்குங்க!"