சாரலுக்குள் மூன்று பூ

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீசனில், குற்றாலத்து அரசாங்க விருந்தினர் மாளிகைக் கூடத்தில் முறைப்படி ஒரு படம் மாட்டப்பட்டது. பித்தளைச் செம்பில் செண்பகப் பூக்கள். செம்புக்குப் பின்னால் வரைந்திருந்த ஜன்னல் வழியே சாரல் புகுந்து சில பூக்களைக் கரைத்திருந்தது. வரைந்தவர் தென்காசி டிராயிங் மாஸ்டர் நாறும்பூநாதன்.

மாளிகை மேனேஜர் தில்லைநாயகம் தினமும் காலையில் அதன் முன்னால் போய் நிற்பார். நெஞ்சுக்குள் ஈரக்காற்று அடிக்கும். மேலிடத்துக் கடிதங்கள் மறந்துபோகும். அரசு ஊழியருக்கு இது அனுமதிக்கப்பட்ட உணர்ச்சிதானா என்று அவர் விதிப்புத்தகத்தைப் பார்க்கவில்லை.

தணிக்கைக்கு வந்த அதிகாரி ஆவுடைநாயகம் சாமான் ஜாபிதாவைப் புரட்டிப் படத்தோடு ஒப்பிட்டார்.

"பூ ஒன்பதுன்னு எழுதியிருக்கீரு. எண்ணுனா ஆறுதான வருது?"

"மூணு சாரலுக்குள்ள இருக்கு, ஐயா."

"அரசாங்கப் பூவைச் சாரலுக்குள்ள வைக்க யாருவே உத்தரவு போட்டது?"

மூன்று பூக்களையும் தெளிவாக வரைந்து ஒப்படைக்கும்படி மாஸ்டருக்கு ஆணை போயிற்று.

"அந்த மூணுக்காகத்தான் மத்த ஆறையும் வரைஞ்சேன். சாரலைத் தொடச்சா படமே போயிரும்" என்றார் மாஸ்டர்.

படத்தைக் காப்பாற்றத் தில்லைநாயகம் ஒரு குறிப்பு எழுதினார்: 'சாரல் வானிலை சம்பந்தப்பட்டதாகையால், அதை அகற்றுமுன் வானிலை இலாகாவின் இசைவைப் பெறுவது உசிதம்.' இவ்வளவு நல்ல குறிப்பை ஆவுடைநாயகம் தம் சர்வீஸில் கண்டதில்லை. இசைவு வரும்வரை மிச்சப் பூக்களும் மறைந்துவிடாதிருக்க, படத்தைச் சாக்குத்துணியால் மூடி, நான்கு மூலையிலும் சிவப்பு அரக்கு முத்திரை வைத்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னைக் கலைக்குழுத் தலைவி சண்முகசுந்தரி அம்மாள் வந்தார். சாக்கின் முன் நின்றவர் நகரவில்லை.

"என்ன துணிச்சல்! உருவத்தையே துறந்துவிட்டாரே! இந்தச் சிவப்பு நான்கும்...?"

உள்ளே படம் இருக்கிறது என்று சொல்லத் தில்லைநாயகம் வாயெடுத்தார். அதற்குள், அம்மாளோடு கூட வந்திருந்த ஆவுடைநாயகம், "நாலு திசைம்மா" என்றார்.

எல்லா மாளிகைகளுக்கும் சாக்குப்படம் வாங்க உத்தரவு பிறந்தது. தென்காசியில் பெரிய வீட்டுச் சுவர்களிலெல்லாம் சாக்கு ஏறியது. குற்றாலம் வந்தவர்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

தில்லைநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, வாங்க. சாக்கைக் கிழிச்சு உண்மையச் சொல்லிருவோம். என் வேலை போனாலும் போட்டும்."

மாஸ்டர் சாக்கு நடுவே உட்கார்ந்து அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா இரும்வே. பூவை வரைஞ்சப்போ எத்தனைன்னு கேட்டானுவ. இப்பத்தான் என்ன அர்த்தம்னு கேக்கானுவ. அந்த மெழுகுவத்தியக் கொஞ்சம் ஆடாமப் பிடியும்."

தில்லைநாயகம் பிடித்தார். ஆடாமல்தான் பிடித்தார்.